பாடாதவற்றின் கணக்கு

கவாய் தீவு. பழைய கரும்புக் காட்டின் ஓரம்
தேவாலயப் புல்வெளி. இரவு எட்டே கால்.
நெற்றியில் விளக்கு, கையில் பென்சில்.
பல்கலைக்கழகம் மணிக்கணக்கில் கூலி தரும் வேலை:
சுவர்க்கோழிகளை எண்ணுவது.

முதல் வருஷம் காதால் எண்ணினேன்.
ஒரு சத்தம், ஒரு பூச்சி.
ஒன்பது என்று எழுதினேன். மறுமாதம் ஆறு.
அப்புறம் இரண்டு.
இங்கே பூச்சி தீர்ந்தது என்று போனில் சொல்லிவிட்டு
இழவு வீட்டிலிருந்து வந்தவள்போல்
காலைக் கழுவிக்கொண்டு படுத்தேன்.

தீரவில்லை.

ஈ ஒன்று உண்டு இங்கே.
இருட்டியதும் காதைத் தீட்டிக்கொண்டு கிளம்பும்.
பாட்டு வரும் திசைக்குப் பறக்கும்.
பாடுகிறவன் மேல் புழுவைத் தூவும்.
ஒரு வாரம் உள்ளிருந்து தின்றுவிட்டு
அவனைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அது.
காதலிக்குக் கேட்டது காலனுக்கும் கேட்டது.

ஈக்குப் பயந்து சிறகை மாற்றிக்கொண்டன என்று
ரோடெல் பள்ளிக்கூடத்தில் எழுதிவிட்டு வந்தான்.
இல்லடா.
யாரும் ஈயைப் பார்த்துச் சிறகு தைத்துக்கொள்ளவில்லை.
ஏதோ ஒரு முட்டைக்குள் ஏதோ ஒன்று புரண்டது.
அரமும் சுரண்டியும் முளைக்க வேண்டிய இடத்தில்
பெண் சிறகுபோல் வழவழவென்று முளைத்தது.
ஈ இல்லாத ஊரில் அவன் கட்டைப் பிரம்மச்சாரி,
அவனோடு கதை முடிந்திருக்கும்.
இங்கே, பாடினவர்கள் செத்த இரவுகளில்
அவன் புல்லுக்குள் சும்மா கிடந்தான்.
பிழை பிழைத்தது.

அதுவும் எப்படி?
மிஞ்சிய ஒரே பாடகனைச் சுற்றி
பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து
அவன் குரலைத் தேடி வருகிறவளை
பாதி வழியில் மறித்துக்கொண்டு.
முதலில் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.
பிறகு சிரித்தேன். எங்கள் சொந்தத்தில்
பாதிக் கல்யாணம் இப்படி ஆனதுதான்.

மௌனம் இங்கே தாய்வழிச் சீதனம்.
ஊமைச் சிறகன் மகளிடம் கொடுத்துவிட்டுப் போவான்.
பெண்கள் பாடுவதே இல்லை, ஆகையால்
யாருக்கும் தெரியாது, அவளுக்கும்.
சுமப்பாள். மகன்களில் பாதிப் பேருக்குச்
சிறகில் வந்து நிற்கும்.

இதை எனக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டாம்.
என் அப்பா எமெட்டேரியோ
இதோ இந்தத் தேவாலயக் கதவுக்கு
மரநிறம் என்று நினைத்துப் பாசிப்பச்சை அடித்தவர்.
எனக்குச் சிவப்பு சிவப்புதான், பச்சை பச்சைதான்.
ரோடெல் ஐந்து வயதில்
தக்காளிப் பழத்தையும் காயையும்
ஒரே கூடையில் பறித்துப் போட்ட அன்று தெரிந்தது:
என் உடம்பு வழியாக அப்பா நடந்து போயிருக்கிறார்,
விளக்குப் போடாமல்.

இன்று ஆள் குறைவு. அவனைக் கூட்டி வந்தேன்.
எனக்குப் பச்சைப் புல், காய்ந்த புல், மறுபடி பச்சை.
அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.
"அங்கே ஒண்ணு. அங்கே.
உன் கால்கிட்ட, நகராதே."
நிறம் என்னை ஏமாற்றிய இடத்தில்
அவனுக்கு உருவம் தெரிந்ததோ என்னவோ.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
காதுக்குக் கேட்டது ஒன்று.

கடைசியில் ஒன்றைக் குப்பியில் பிடித்தோம்.
சற்று நேரம் சும்மா இருந்தது.
பிறகு இரண்டு சிறகையும் தூக்கி
உரசத் தொடங்கியது, வேகமாக, தாளம் தவறாமல்,
பாட்டன் பாட்டை ஓர் அசைவும் விடாமல்.
சத்தமில்லை.
ரோடெல் குப்பியைக் காதில் வைத்துப் பார்த்தான்.
"தான் பாடலைன்னு இதுக்குத் தெரியுமாம்மா?"

திரும்பிக் கதவைப் பார்த்தேன்.
இருட்டில் அது
எந்த நிறமாகவும் இருக்கலாம்.
அவன் மூடியைத் திறந்துவிட்டான்.